கைதட்டுக் கேட்டபிறகே பாஸ்தா

சமையல் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையிலேயே பாஸ்தா திரும்பி வந்தது. பிளேட்டைக் கையில் ஏந்திக் குசினிக்குள் வந்தவர், கொழும்பிலிருந்து விடுதிக்கு வந்து தங்கியிருந்த டொக்டர் அம்மா.

"தங்கச்சி, இது என்ன கூழா? கணவாய் மீன் வேற றப்பர் மாதிரிக் கிடக்கு."

நான் பிளேட்டை வாங்கி வைத்தேன். குசினி வேலைக்குப் புதிதாக வருபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்: அந்த இடத்தில் பதில் சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் மானம் போகும். எனக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு பேர். மானம் கொஞ்சம் பொறுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உப்புவெளியில் இருந்த அந்த விடுதியின் முதலாளி நெடுங்காலம் இத்தாலியில் இருந்துவிட்டு வந்தவர். 'மத்தியதரைக்கடல் வீட்டுச் சமையல், ஓவியம், கவிதை, பயணம்' என்று வாசலில் போர்டு போட்டிருந்தார். காலையில் விருந்தினர்களைப் படகில் ஏற்றித் துறைமுகம் காட்டுவார். பின்னேரம் எல்லோரும் கடற்கரையில் இருந்து கோணேசர் மலையை வரைவார்கள். ஒருவருக்கும் மலை மலையாக வராது. ஆனால் ஓவியத்தில் ஒரு வசதி, அது ஆறிப்போகாது.

பொழுதுபட்டதும் சாப்பாட்டு அறையில் முதலாளி தன் பயணக் கவிதையை வாசிப்பார். தமிழில் ஒருமுறை, பிறகு அதையே இத்தாலி மொழியில் ஒருமுறை. சாப்பாடு அதற்குப் பிறகுதான்.

"எப்ப முடியுமெண்டு சொன்னீங்களெண்டால் அதுக்கேத்த மாதிரி அவிப்பன், முதலாளி" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அது எனக்கே தெரியாது அக்கா. உணர்ச்சி கொண்டுபோற இடத்துக்குப் போவன். கைதட்டுக் கேக்க முதல் ஒருத்தரும் உள்ள வரப்படாது. கைதட்டு ஓய முதல் பிளேட் மேசையில இருக்கோணும்."

ஆகவே முன்கூட்டியே அவித்து வைக்க வேண்டியிருந்தது. அவருடைய உணர்ச்சி கடல் கடந்து போய்த் திரும்பும்வரை பாஸ்தா குசினியில் கிடந்து ஊறியது. டொக்டர் அம்மாவின் முறைப்பாட்டுக்குப் பிறகு முதலாளி தன்மையாகச் சொன்னார்.

"நாளைக்கும் இப்பிடியெண்டால் வேற ஆளைத்தான் பாக்கோணும். குறை நினைக்காதேங்கோ."

நினைத்தேன், நன்றாகவே நினைத்தேன்.

மறுநாள் உள்ளிப்பூடும் தக்காளியும் போட்ட கணவாயில் பாஸ்தாவைப் பிரட்டி, ஒலிவ் எண்ணெய் விட்டு இறக்கியபோது கவிதை தமிழைக்கூடத் தாண்டவில்லை. பரிமாறுகிற றிஸ்வான் கிண்ணியாக்காரர், பயந்த சுபாவம்.

"கைதட்டு இன்னும் கேக்கேல்ல அக்கா."

"வேலை போறதெண்டால் சூடோட போகட்டும். கதவைத் திறவுங்கோ."

இரண்டு பேருமாகப் பிளேட்டுகளுடன் உள்ளே போனோம். கவிதையில் முதலாளி அப்போதுதான் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார். உள்ளி வாசம் எங்களுக்கு முன்னே மேசைக்குப் போய்விட்டது. பசியோடு இருந்த டொக்டர் அம்மா பிளேட்டைக் கண்டதும் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

முதலாளி வாசிப்பை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். அவர் தாளை மடித்து, நெஞ்சில் கைவைத்து, சபைக்குத் தலை குனிந்தார்.

பிறகு குசினிக்கு வந்தார்.

"பாத்தனீங்களோ அக்கா? கப்பல் ஏறுற இடத்தில விட்டாத்தான் கவிதை மனசில நிக்குது."

"ஓம் முதலாளி" என்றேன்.

அன்றோடு இத்தாலி மொழி நின்றது. நான் ஓய்வுபெறும்வரை ஒரு பிளேட்கூடத் திரும்பி வரவில்லை, கவிதையில் அவருடைய கப்பலும் துறைமுகத்தை விட்டு வெளிக்கிடவில்லை. நான் கற்றது இதுதான்: சாப்பாடு பதம் வந்தவுடன் போக வேண்டும், கைதட்டை யார் எடுத்தாலும் எடுக்கட்டும். ஆனால் அது யாருக்கு விழுந்தது என்பது எனக்கும் தெரியும், றிஸ்வானுக்கும் தெரியும்.