கன்னியம்மா தூக்கிக் காட்டிய உயரம்

கோணிப்பையை உதறியதும் மேஜையில் முதலில் கொட்டியது மணல்தான். மகாபலிபுரத்துக் கடற்கரை மணல். உப்பும் ஈரச் சாக்கும் கலந்த அந்த வாடை, தொண்ணூறைத் தாண்டிய இந்த வயதிலும் மூக்கைவிட்டுப் போகவில்லை…

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நான் புது டாக்டர். சவுக்கு நடக் குழி வெட்டியபோது கிடைத்த எலும்புகள் என்று கான்ஸ்டபிள் கொண்டுவந்து வைத்தார். பின்னாலேயே கொழுந்தனோடு கன்னியம்மா வந்தாள். முந்தின வருஷப் புயலில் கட்டுமரத்தோடு போன அவள் புருஷன் திரும்பவில்லை.

“அவருதான்னு எழுதிடுங்கம்மா, கேஸ் முடிஞ்சிரும்” என்றார் கான்ஸ்டபிள்.

அவருக்கென்ன! நான் கையெழுத்துப் போட்டால் அவள் பொட்டு அன்றைக்கே அழியும்.

இடுப்பெலும்பைப் பார்த்தால் ஆண். தொடை எலும்பை அளந்து கணக்குப் போட்டேன். உயரம் ஐந்தடி இரண்டங்குலம், கொஞ்சம் முன்னே பின்னே.

“உன் வீட்டுக்காரர் என்ன உயரம்மா?”

கன்னியம்மா எக்கி நின்று தலைக்கு மேலே கையைத் தூக்கினாள். “இம்மா ஒசரம்! வூட்டுக்குள்ள குனிஞ்சிதான் வருவாரு.”

பெண்டாட்டி காட்டினால் கை கொஞ்சம் மேலேதான் நிற்கும் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். பாவமாகவும் இருந்தது. அந்தக் காலத்தில் யார் யாரை அளந்தார்கள்? போட்டோ இல்லை, சட்டை இல்லை. செருப்பு இருக்கிறதா என்று வேறு கேட்டுத் தொலைத்தேன்.

“கடலுக்குப் போறவனுக்கு இன்னாத்துக்குமா செருப்பு?” என்றான் கொழுந்தன். “அண்ணனுக்கு நீட்டுக் கை. குப்பத்துல எல்லாருக்கும் அதுதான் கயிறு அளந்து குடுக்கும்.”

சட்டென்று பிடித்துக்கொண்டேன். கடற்கரையில் கயிற்றைப் பாகம் போட்டு அளப்பார்கள். இரண்டு கையையும் அகல விரித்தால் ஒரு பாகம். எந்த ஆளுக்கும் அந்த விரிப்பு ஏறக்குறைய அவன் உயரம்தான்!

அவர் அளந்த கயிறு இருந்தால் கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் முதல் பஸ்ஸில் கயிற்றுச் சுருளோடு கன்னியம்மா வந்துவிட்டாள். பாகத்துக்கு ஒரு முடிச்சு, எல்லாம் அவன் போட்டது. டேப்பை வைத்தேன். ஐந்தடி ஒன்பது… அடுத்த முடிச்சுக்கும் அதேதான். அவள் கை பொய் சொல்லவில்லை.

“இது உன் புருஷன் இல்லம்மா.”

தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

“அப்ப இவுரு யாரு வூட்டு ஆளும்மா?”

“தெரியலையே.”

“இவுருக்கும் எங்கியோ ஒருத்தி இதோ வருவாரு, அதோ வருவாருன்னு பாத்துகினு கீறா இல்ல?”



போலீஸில் கேட்டு அவளும் கொழுந்தனுமே அந்த எலும்புகளை எடுத்துப்போனார்கள். தங்கள் இடுகாட்டிலேயே புதைத்து, சொந்த மனிதருக்குச் செய்வதுபோல் பாலும் ஊற்றினார்களாம்.

அவள் புருஷன் திரும்பினானா? தெரியாது. அதற்குள் எனக்கு மாற்றலாகிவிட்டது.

இப்போது ஒரு பல் கிடைத்தால்கூட லேபில் ஆளையே கண்டுபிடித்துவிடுகிறார்கள். பேத்திக்கு அந்த வேலைதான், எனக்கு ஏகப் பெருமை. யாரென்றே தெரியாவிட்டால் என்னடி செய்வீர்கள் என்று கேட்டேன்.

“நம்பர் போட்டு வெச்சிடுவோம் பாட்டி” என்றாள்.

அதுதான் முறை, குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதனுக்கு அன்றைக்குக் கன்னியம்மா கிடைத்தாளே…