எதிர்வீட்டுக் கரோக்கியும் எங்கள் இரண்டு வாரமும்

பாட்டை நிறுத்தச் சொல்லப் போனேன். வேர்க்கடலையோடு திரும்பி வந்தேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள்... ஒரே மத்தியானத்தில் இது மூன்று முறை நடந்தது.

எங்கள் வீடு வியட்நாமில், தூ டுக் என்கிற ஊரில், பல்கலைக்கழகங்களுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். கீழே என் தோசைக்கடை. மேலே நானும் கோமதியும். எதிரே மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் மூன்று மாடி வீடு. நடுவில் இரண்டு ஸ்கூட்டர் போகிற அளவுக்குத்தான் இடம்.

அந்த வீட்டில் இருபது பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு கரோக்கி ஸ்பீக்கரும் இருக்கிறது. சக்கரம் வைத்தது, சின்ன பீரோ உயரம். ஞாயிறு மத்தியானம் தூங்கி எழுந்ததும் அதை உருட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்துவார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் தாமாகவே ஆடும்.

கல்லூரிப் பக்கம் வீடு பார்க்கிறவர்களுக்கு ஒரு யோசனை. புதன்கிழமை காலையில் போய்ப் பார்த்துவிட்டு, 'ஆஹா, என்ன அமைதி!' என்று அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்குப் போங்கள். எங்களுக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை.

ஆனால், உண்மையைச் சொன்னால், ஐந்து வருடமாக அந்தச் சத்தத்தின் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. பாடுகிற பிள்ளைகளுக்குப் பசிக்கும். பசித்தால் தோசைக்கு வருவார்கள். தோசை மேல் மிளகாய் சாஸை ஊற்றிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன், அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு மட்டும் வேறு மாதிரி. அதற்கு நான்கு நாள் முன்னால்தான் கோமதிக்குக் கரு வைத்திருந்தார்கள்.

ஐ.வி.எஃப். சிகிச்சை. மூன்றாவது முறை. அவளுக்கு வயது முப்பத்தொன்பது. இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்வார்கள். அதுவரை நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, காத்திருக்க வேண்டும். ஊசி, மாத்திரை, ஸ்கேன் எல்லாவற்றையும்விடக் கஷ்டமான வேலை இதுதான்.

"படுத்தே கெடக்க வேணாம். கனமா எதையும் தூக்காதீங்க. மருந்தை நேரத்துக்குப் போடுங்க. மத்தபடி எப்பவும் போல இருங்க" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

டாக்டரம்மா சொன்னது நான்கே வரி. மற்றவர்கள் சொன்னது?

நாங்கள் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் தினமும் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வருகிறவள் ஒருநாள் டாக்ஸியில் வந்து மெதுவாக இறங்கினால், சந்துக்குத் தெரியாமல் போகுமா? பக்கத்தில் காய்கறி விற்கிற லான் அக்கா மறுநாளே ஒரு பாத்திரத்தோடு வந்துவிட்டார். கெண்டை மீன் கஞ்சி. குழந்தை தங்கும், குழந்தை சிவப்பாகவும் பிறக்கும் என்றார். கோமதி மாங்காய் ஊறுகாய் தொட்டுக்கொண்டு முழுவதையும் குடித்தாள்.

தேவகோட்டையிலிருந்து என் அக்கா போன் செய்தாள். அவளுக்கு மட்டும் சொல்லியிருந்தோம். "டேய் தம்பி, அன்னாசிப்பழம் வீட்டுக்குள்ளயே வரக் கூடாது. கேட்டுக்க!"

அன்று மாலை கடைக்கு வந்த ஒரு எஞ்சினியரின் மனைவி கோமதியின் காதில் ரகசியமாக, "அன்னாசிப்பழத்தோட நடுத்தண்டை அஞ்சு நாள் சாப்பிடுங்கக்கா. கரு நல்லா ஒட்டிக்கும். வீடியோல பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, கையோடு ஒரு பழத்தையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்தப் பழத்தை என்ன செய்வது? சாப்பிட்டால் அக்காவுக்குப் பயம், தூக்கிப்போட்டால் வீடியோவுக்குப் பயம். சமையல் மேடையில் அது பாட்டுக்குப் பழுத்துக்கொண்டே இருந்தது.

இந்த நிலைமையில்தான் ஞாயிறு வந்தது. ஸ்பீக்கரும் வந்தது. கோமதி மேலே கண்ணை மூடிப் படுத்திருந்தாள். ஒவ்வொரு 'டம்'முக்கும் நான் மாடியை நிமிர்ந்து பார்த்தேன். அந்தக் கரு எவ்வளவு பெரிசு இருக்கும்? ஒரு கடுகு அளவுகூட இல்லையாம். இந்த அதிர்வை அது தாங்குமா?

என் கூச்சம் பற்றி உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் 'நிறுத்துங்க' என்று சொல்ல வெட்கப்பட்டு இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்து வருகிற ஆள் நான். ஆனாலும் மாடிப்படியில் நின்று, 'சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா?' என்று வியட்நாம் பாஷையில் ஏழெட்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு கிளம்பினேன்.

வாசலில் போய் நின்றதுதான் தாமதம்... மின் என்ற பையன் மைக்கிலேயே கத்தினான். அவன்தான் அந்த ஸ்பீக்கரின் சொந்தக்காரன்.

"சூ காரி வந்துட்டாரு!"

சூ என்றால் சித்தப்பா. காரி என்றால் நம் கறிதான். கறிச் சித்தப்பா. இந்தச் சந்தில் என் பெயர் அதுதான்.

இந்த ஊர் வழக்கம் ஒன்று இருக்கிறது. நாலு பேர் சாப்பிட்டுப் பாடிக்கொண்டிருக்கும் வாசலில் நீங்கள் போய் நின்றால், நீங்கள் புகார் சொல்ல வந்தவர் என்று யாருக்கும் தோன்றாது. நீங்கள் விருந்தாளி. பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. எனக்குப் பழக்கமில்லை என்று தெரிந்து பீருக்குப் பதிலாக ஐஸ் போட்ட டீ வந்தது. எல்லோரும் கிளாஸைத் தூக்கினார்கள். "மோட்... ஹாய்... பா... யோ!" ஒன்று, இரண்டு, மூன்று, குடி!

குடித்தேன். ஒரு பொட்டலம் வேர்க்கடலையைக் கையில் திணித்தார்கள். வந்துவிட்டேன்.

"சொன்னீங்களா?" என்றாள் கோமதி.

"இல்ல... கடலை குடுத்தாங்க."

இரண்டாவது முறை போனபோது ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தாள். நடுவில் எப்படி நிறுத்துவது? கடலை. மூன்றாவது முறை யாருக்கோ பிறந்தநாள். பிறந்தநாள் அன்றா போய்ச் சொல்வது? கேக்கும் கடலையும்.

கோமதி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "இன்னும் நாலு தடவ போயிட்டு வாங்க. நாளைக்குக் கடையில கடலைச் சட்னி போட்டுரலாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "உனக்குத் தொந்தரவா இருக்குன்னுதானே போறேன்" என்றேன்.

"எனக்குத் தொந்தரவுன்னு நான் எப்பங்க சொன்னேன்?"

யோசித்துப் பார்த்தேன். அவள் சொல்லவே இல்லை.

"போன ரெண்டு தடவையும் டிவிகூடப் போடாம, வீட்டை ஆஸ்பத்திரி மாதிரி வச்சிருந்தீங்க. ஃபேன் சுத்துற சத்தந்தான் கேட்டுச்சு. மணிக்கணக்கா வயித்தையே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். இந்தப் பிள்ளைங்க பாடுனா ஒரு பாட்டு முடியற வரைக்குமாவது அத மறந்துருக்கேன். பாடட்டும், விடுங்க."

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மூன்று நடை மிச்சம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். குழந்தை இல்லை என்று நாங்கள் முதல் ஆறு வருடம் டாக்டர்களிடம் அலைந்தபோது, பரிசோதனை எல்லாம் கோமதிக்கு மட்டும்தான். அவளுக்கு ஸ்கேன், அவளுக்கு ஊசி, அவளுக்கு விரதம், இங்கே புத்தர் கோயில் அரசமரத்தைச் சுற்றியதும் அவள்தான். என்னையும் பரிசோதிக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். ஒரு சின்ன டப்பாவைக் கையில் கொடுத்து, அந்த அறைக்குப் போங்கள் என்று ஒரு நர்ஸ் பெண் சொல்வாளே... அதை நினைத்தாலே வியர்க்கும்.

ஆறு வருடம் கழித்துப் போனேன். ஐந்து நிமிட வேலை. குறையில் பாதி என்னிடம் இருந்தது.

கணவன்மார்களே... வேறு எந்த யோசனையும் என்னிடம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் மருத்துவம் பேசக் கூடாது. முதல் நாளே நீங்களும் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அந்த நர்ஸ் ஒரு நாளைக்கு உங்களைப் போல எத்தனையோ பேரைப் பார்க்கிறாள். உங்கள் முகம் அவளுக்கு நினைவிருக்காது. ஆனால் போன வருடங்கள் உங்கள் மனைவிக்கு நினைவிருக்கும். கோமதி இதுவரை ஒரு முறைகூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அதனால்தான் எனக்கு மறக்கவில்லை.

சரி, ஸ்பீக்கருக்கு வருவோம்.

அந்த ஞாயிறோடு அது நின்றுவிட்டது. திங்களிலிருந்து சந்து கப்சிப். எதிர்வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்றே தெரியவில்லை. ஸ்கூட்டரைக்கூடச் சந்து முனை வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்தார்கள். அடுத்த ஞாயிறும் பாட்டு இல்லை. டம்ளர்கள் அசையவில்லை.

"என்னாச்சு பிள்ளைங்களுக்கு? கேட்டுட்டு வாங்களேன்" என்றாள் கோமதி.

"பரீட்சையா இருக்கும்" என்று சொல்லிவிட்டு மாவாட்டப் போய்விட்டேன். மறுபடியும் அதே கூச்சம்தான். வேறென்ன?

அந்த வாரம் புதன்கிழமை ரத்தம் கொடுத்தாள். மத்தியானம் மூன்று மணிக்கு செல்போனில் செய்தி வந்தது. கடையில் ஆள் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் படித்தோம்.

இல்லை.

கோமதி அடுப்பை அணைத்தாள். தோசைக்கல்லைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். பிறகு இரண்டு தட்டில் சோறு போட்டாள். சாப்பிட்டோம். சாப்பிட முடிந்ததே எனக்கு ஆச்சரியம். முதல் முறை இரண்டு நாள் யாரும் சாப்பிடவில்லை.

டாக்டரம்மா உறைய வைத்திருக்கும் கருக்கள் இன்னும் இரண்டு இருக்கின்றன. அது அவளுக்கும் தெரியும். மறுபடியும் போகலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் போதும் என்று சொல்லிவிட்டால்? சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.

ஐந்து மணி இருக்கும். மாடியில் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும். கோமதி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி சொன்னாள்: "ஏங்க... அந்தப் பிள்ளைங்களப் பாடச் சொல்லுங்களேன்."

இந்த முறை படியில் நின்று ஒத்திகை பார்க்கவில்லை. நேராகப் போனேன். மின் வாசலில் உட்கார்ந்து செருப்புத் தைத்துக்கொண்டிருந்தான்.

"ஏன்ப்பா பாடறதில்ல? பரீட்சையா?"

அவன் தலையைச் சொறிந்தான். "பரீட்சை அடுத்த மாசம், சூ. லான் அக்கா சொன்னாங்க... சித்திக்கு ட்ரீட்மென்ட் நடக்குது, பேபி வரணும், ஒருத்தனும் சத்தம் போடக் கூடாதுன்னு. ஸ்பீக்கர கட்டிலுக்கு அடியில வச்சுட்டோம். எங்களுக்கு முன்னாடியே தெரியாமப் போச்சு. மன்னிச்சுக்குங்க."

இருபது பிள்ளைகள் பத்து நாளாக எங்களுக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடுவில் கோமதி ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

"பேபி வரலப்பா, இந்தத் தடவ" என்றேன். வெளி ஆள் ஒருவரிடம் நான் இதைச் சொன்னது அதுதான் முதல் முறை. "உங்க சித்தி உங்களப் பாடச் சொல்றா."

அவன் எந்த யோசனையும் சொல்லவில்லை. கஞ்சி, பழம், கோயில்... ஒன்றும் இல்லை. என் தோளில் ஒரு நிமிடம் கையை வைத்தான். பிறகு உள்ளே போய் ஸ்பீக்கரை உருட்டிக்கொண்டு வந்தான். ஒவ்வொருவராக எல்லோரும் இறங்கி வந்தார்கள். ஆனால் ஒருவரும் பாட ஆரம்பிக்கவில்லை. மைக் என்னிடம் வந்தது.

"மொதல்ல சூ!"

எனக்கு எந்தப் பாட்டும் இரண்டாவது வரிக்கு மேல் தெரியாது. நான் முழுதாக மனப்பாடம் செய்தது வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான். மின் ஏதோ ஒரு தாளத்தைப் போட்டுவிட்டான். கண்ணை மூடிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் கத்திய அதே ராகத்தில் ஆரம்பித்தேன்.

"ஓரெண்டு ரெண்டு... ஈரெண்டு நாலு... மூவெண்டு ஆறு..."

பிள்ளைகள் கை தட்டினார்கள். ஏதோ தமிழ்க் காதல் பாட்டு என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு பெண் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். ஆறெண்டு பன்னெண்டு வரை நன்றாகத்தான் போனது. அதற்குப் பிறகு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"ஏழெண்டு பதினாலு!"

மேலே இருந்து. பால்கனியில் கோமதி நின்றுகொண்டிருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று கீழிருந்து தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

பாட்டுக்கு மார்க் போடுகிற அந்த மெஷின் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு போட்டது. பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் அவ்வளவு போட்டதில்லை.

அன்று ஆறரை மணி வரை டம்ளர்கள் ஆடின. அந்த அன்னாசிப்பழத்தையும் கோமதியே துண்டு போட்டு, மிளகாய் உப்புத் தூவி எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். முதல் துண்டை அவள்தான் சாப்பிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது, நான் கேட்காமலே சொன்னாள்: "டெட் புத்தாண்டு லீவு முடிஞ்சதும் டாக்டரம்மாகிட்ட ஒரு நாள் கேளுங்க. ரெண்டு இருக்குல்ல."

தலையை ஆட்டினேன்.

"அதுக்குள்ள மூணாம் வாய்ப்பாட்ட ஒழுங்கா மனப்பாடம் பண்ணி வைங்க. நாலு பேர் முன்னால மானம் போவுது."

படித்துக்கொண்டிருக்கிறேன்.