படுக்கவைத்த கிளிக்கூண்டு

திண்டிவனத்தில் பாதி வீட்டு கிரில் கேட் என் கை பட்டது. விக்கிரவாண்டி சாலையில் மூன்று ஓட்டல்களுக்குத் தகரக் கொட்டகை போட்டது நான். கிளியனூர்ப் பக்கம் ஒரு ரைஸ்மில் ஷட்டரும் நான்தான். நான்காம் வகுப்போடு நின்றவன். அளவு டேப் படிக்கத் தெரிந்தால் போதாதா? ஆனால் என் பேர் பரவியது கிளிக்கூண்டால்தான்.

வெல்டிங் பட்டறை வாசலில், நானே செய்த கூண்டில் ஒரு பச்சைக்கிளி வைத்திருந்தேன். மொட்டைப் பனைப் பொந்திலிருந்து குஞ்சாக எடுத்து வந்தது. இறக்கையை நானே கத்தரித்துவிடுவேன். அது பேசாது, கட்டிங் வீல் சத்தத்தை அப்படியே கத்தும். கரண்ட் இல்லாத நேரத்திலும், வாசலில் காத்திருப்பவர் உள்ளே வேலை நடப்பதாக நம்பிக்கொள்வார். அதைப் பார்த்தவரெல்லாம் கூண்டு கேட்டார்கள். வாங்கியவர் வெறும் கூண்டையா தொங்கவிடுவார்? சுற்றுவட்டாரத்துப் பனைப் பொந்துகள் காலியாயின.

ஒருநாள் வனத்துறைப் பெண் காவலர் வந்து நின்றார்.

"ஐயா, இது காட்டுக்கிளி. வளக்கக் கூடாதுங்க."

"நான் எங்கம்மா வளக்கறேன்? அதுதான் என் பட்டறைய நடத்திக்கினு இருக்குது."

உள்ளிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "நல்லா கேளும்மா! என் சமையல்கட்டுக்கு ஒரு ஜன்னல் போட்டுக் குடுக்கல. கிளிக்கு மாடி வெச்ச கூண்டு!"

வீடுவீடாக மீட்ட கிளிகள் விழுப்புரத்தில் இருப்பதாகக் காவலர் சொன்னார். இறகு முளைத்தும் அவற்றுக்குப் பறக்கத் தெரியவில்லையாம். பழகிக்கொள்ளப் பெரிய கூண்டு வேண்டுமாம். என் கிளியையும் ஒப்படைத்து, கூண்டையும் நானே செய்கிறேன் என்றேன்.

நான் செய்து முடிப்பதற்குள் என் கிளிக்கும் புது இறகு முளைத்துவிட்டது. உயரத்தில் வாழும் பறவை ஆயிற்றே என்று கூண்டை மேல்நிலைத் தண்ணீர்த்தொட்டி உயரத்துக்கு நிமிர்த்தி நிறுத்தினேன். கிளிகள் அலகால் கம்பியைக் கவ்வி ஏறின, இறங்கின. ஒன்றும் பறக்கவில்லை.

காவலர் சிரித்தார். "ஏணி ஏறக் கத்துக்குடுத்துட்டீங்க. பறக்க நீளம் வேணுங்க ஐயா."

என் கிளி இனிப் பறக்கவே பறக்காதோ என்று அன்றுதான் பயந்தேன். மறுநாளே கிளிகளை வேறிடம் மாற்றி, கிரேன் வைத்துக் கூண்டைப் படுக்கவைத்தேன். சில நாள் தத்தித் தத்தி விழுந்த என் கிளி, ஒரு காலையில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரே வீச்சில் போனது. பிறகு கதவைத் திறந்தோம். எல்லாம் போயின. என்னுடையது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கொஞ்சம் கோபம்தான்.

இப்போது அந்தக் கூண்டில் ஒரு பலகை மாட்டியிருக்கிறது. ரிப்பன் வெட்டியவர் பேர்கூட இருக்கிறது. நான் 'தன்னார்வலர்கள்' என்ற சொல்லுக்குள் எங்கோ இருக்கிறேனாம். அது ஆகாது. பறக்கவைத்த கூண்டு இந்தப் பட்டறைக்காரன் செய்தது என்று எழுதுங்கள். இத்தனை கிளிகள் அடைபட்டது அவன் செய்த சின்னக் கூண்டுகளில்தான் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். இரண்டும் என் வேலை. தகடு நானே வெட்டித் தருகிறேன். எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும்.