செம்பூரில் ஒரு காற்று வீடு

அனந்தகிருஷ்ணனும் நானும் பம்பாய் ஃபோர்ட்டில் ஒரே கம்பெனியில் கட்டடப் பிளான் வரைகிறவர்கள். மாதுங்காவில் ஒரே மாடியில் எதிரெதிர் வீடு. நான் கோடு போட்டு முடித்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ரயிலைப் பிடிக்கிற ஆள். அவன் அப்படியில்லை. போட்ட கோட்டுக்குள் காற்று எப்படி வரும், எப்படிப் போகும் என்று கேட்டு உயிரை வாங்குவான். ஆபீசில் அவனுக்கு வாயு பகவான் என்று பேர். பேர் வைத்தது நான்தான்.

அவன் கேட்டதில் காரணம் இருந்தது. அவன் மனைவி வாலாம்பாளுக்கு இழுப்பு. மில் புகை இறங்குகிற நாட்களில் அவள் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி உட்கார்ந்தே இருப்பாள். கதவைச் சாத்தினாலும் அந்த மூச்சு எங்கள் வீட்டுக்குள் கேட்கும். இடத்தை மாற்றாவிட்டால் இன்னும் இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

செம்பூரில் ஜஹாங்கீர் சேட் என்பவருக்கு மலையடிவாரத்தில் கொஞ்சம் நிலம் சும்மா கிடந்தது. மரத்தை வெட்டக் கூடாது என்ற ஒரே நிபந்தனையில் அதை அனந்தகிருஷ்ணனுக்குக் குத்தகைக்கு விட்டார். 1944ஆம் வருஷம் அது. யுத்தத்தில் சிமெண்டும் இரும்பும் கண்ணில் படாது. எல்லோரும் அதைச் சொல்லிப் புலம்ப, இவன் அதுதான் வசதி என்றான்.

முதல் ஒரு வருஷம் ஒரு கல்லைக் கூட நகர்த்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய், ஊதுவத்தியைக் கொளுத்திக் கையில் பிடித்தபடி நிலம் முழுக்க நடப்பான். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று நோட்டில் குறிப்பான். ஒருநாள் நானும் கூடப் போனேன்.

"பூஜையை எப்போ முடிக்கறதா உத்தேசம்?" என்றேன்.

"காத்து எங்கே நுழையறதுன்னு தெரியாம ஜன்னலை எங்கே வைக்கறது, பஞ்சு?" என்றான்.

கடைசியில் அவன் வரைந்தது ஒரே ஒரு அறை, ஒரு சமையல் மூலை, மேற்கே வெராந்தா. சுவருக்கு மண் தோண்டிய குழியே மழைத்தண்ணீர் தேங்கும் குளம். கூரைக்கு அங்கேயே நின்ற பனைகளின் ஓலை. குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும். நிலத்தின் நடுவில் புற்று இருந்ததால் வீட்டையே கொஞ்சம் திருப்பிப் போட்டான். பாம்பிடம் வாடகை வாங்குவாயா என்று கேட்டேன். நாம்தான் அதற்குக் கொடுக்க வேண்டும் என்றான். அந்த வீட்டிலிருந்து எதையும் எரிக்கக் கூடாது, எறியக் கூடாது, எல்லாம் மண்ணுக்கே திரும்ப வேண்டும் என்பது அவன் கொள்கை. சிரித்தேனே தவிர, அந்தப் பிளானைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

கட்டியவர் பூலோகம். தாராவியில் இருந்த கொத்தனார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சுவர் தோள் உயரம் வந்ததும் கண்ணேறு பொம்மை கட்ட வேண்டும் என்றார். புது வீட்டின் மேல் விழுகிற பொல்லாத கண்ணையெல்லாம் அந்த வைக்கோல் பொம்மை வாங்கிக்கொள்ளும். பால் காய்ச்சுவதற்கு முன் அதை இறக்கி எரித்துவிட வேண்டும். அதற்கு உடுத்த ஒரு பழந்துணி கேட்டார். எதையும் வீணாக்காத அனந்தகிருஷ்ணன் வாலாம்பாளின் கிழிந்த புடவை ஒன்றைக் கொடுத்தான்.

பூலோகம் அதைக் கையில் வாங்கவில்லை. "இது ஆரு சேலை சாமி?"

"ஆத்துக்காரியோடதுதான். பழசு."

"உசுரோட இருக்கவுக துணியக் கெட்டக் கூடாது சாமி. சோர் பஜார்ல ஆருதுன்னு தெரியாத சட்டை ஒண்ணு வாங்கிட்டு வாரேன்."

அனந்தகிருஷ்ணன் கேட்கவில்லை. புடவையைத் தானே சுற்றி, காற்று முதலில் நுழைகிற மேற்கு வெராந்தா விட்டத்தில் பொம்மையைத் தொங்கவிட்டான்.

மறு வருஷம் ஏப்ரலில் பால் காய்ச்சினார்கள். விடிந்ததும் பூலோகம் தீப்பெட்டியோடு வந்து நின்றார். அனந்தகிருஷ்ணன் பொம்மையை அண்ணாந்து பார்த்தான். அவள் புடவையைக் கட்டிக்கொண்டு தொங்குகிற உருவத்துக்குக் கொள்ளி வைக்க எந்தப் புருஷனுக்குக் கை வரும்? கொள்கையைச் சாக்குச் சொல்லிப் பூலோகத்தை அனுப்பிவிட்டான். பொம்மை அங்கேயே இருந்தது.

முதல் வாரத்திலேயே வாலாம்பாளின் இழுப்பு நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். அவள் உள்ளே பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அனந்தகிருஷ்ணன் என்னை நிலைப்படியில் நிறுத்தினான்.

"அவளைப் பாரு. அப்புறம் பொம்மையைப் பாரு."

காற்று உள்ளே வரும்போது பொம்மையின் மார்பு புடைத்தது. அதே நேரம் வாலாம்பாளின் மார்பும் ஏறியது. இரண்டும் ஒன்றாக இறங்கின. நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிஷத்துக்குப் பதினாறு, இரண்டுக்கும். தற்செயல் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

"சாயங்காலம் வரை இரு," என்றான்.

கடல் காற்று ஓய்ந்து மலைக்காற்று எழுவதற்கு முன் கொஞ்ச நேரம் ஓர் இலை அசையாது. அப்போது பொம்மையின் தலை தொங்கியது. உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்த வாலாம்பாள் வாயைத் திறந்தபடி தூணைப் பிடித்துக்கொண்டாள். சத்தமே இல்லை. இழுப்பு கூட இல்லை. மூச்சே இல்லை. பொம்மையின் முந்தானை லேசாக அசைந்த பிறகுதான் அவள் கை கீரைக்குத் திரும்பியது. என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

அதன்பின் அவன் வீட்டைத் திறந்துகொண்டே போனான். ஒரு ஜன்னல் இரண்டாயிற்று. வடக்குச் சுவரில் பாதி போய் மூங்கில் தட்டி வந்தது. மழைக்காலம் முழுக்கக் காற்று ஓயவில்லை, கவலையும் இல்லை. அக்டோபர் வந்தது. பம்பாயின் அக்டோபரில் காற்று மணிக்கணக்கில் நின்றுபோகும்.

ஒரு நாள் அவன் கோட்டில்லாமல் ஆபீசுக்கு வந்தான்.

"புடவையை எடுத்துட்டேன், பஞ்சு. என் கோட்டை மாட்டிட்டேன். நேத்திக்குக் காத்து நின்னுது. அவ பாட்டுக்குப் பாடிண்டிருந்தா."

அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததில்லை. அன்று மத்தியானம் வெளியே அரசமரத்தின் இலை அசையாமல் நின்றபோது, அவன் மேஜை விளிம்பைப் பற்றிக்கொண்டு உதடு நீலமாக உட்கார்ந்திருந்தான். அடுத்த வாரம் மாடிப்படியில் ஒருமுறை. அதற்கடுத்து ரயிலில்.

எனக்குக் கோபம்தான் வந்தது. படித்தவன், ஸ்கேல் பிடிக்கிறவன், வைக்கோலுக்குப் பயந்து தன்னைத்தானே கொன்றுகொள்கிறானே என்று. மனப்பிராந்தி, பொம்மை போனால் பிராந்தியும் போகும் என்று முடிவு கட்டினேன். ஒரு சனிக்கிழமை அவனுக்குத் தெரியாமல் லீவு போட்டேன். தாராவிக்குப் போய்ப் பூலோகத்தைக் கூட்டிக்கொண்டு செம்பூர் போனேன். வாலாம்பாள் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள்.

பூலோகம் பொம்மையை இறக்கினார். துணியைப் பார்த்ததும் கை நின்றது.

"இது நம்ம சாமி கோட்டுல்லா."

"கோட்டுதானே. வேற வாங்கிக்கலாம். கொளுத்து."

"நீங்களே வைங்க சாமி. எனக்கு வேண்டாம்."

நானே வைத்தேன். ஈரமில்லாத வைக்கோல், சட்டென்று பிடித்தது. பன்னிரண்டேகால் இருக்கும். மனதுக்குள் ஒரு பெரிய காரியம் செய்த திருப்தி. நாலு மணிக்கு ஆபீசுக்கு அவனைப் பார்த்துச் சொல்லப் போனால், படியிலெல்லாம் ஆட்கள் நின்றார்கள். மத்தியானம் பன்னிரண்டேகாலுக்கு, கையில் பென்சிலோடு, பலகையின் மேலேயே சாய்ந்துவிட்டானாம். இருதயம் என்றார் டாக்டர். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் வீடு போய்ச் சேர்ந்தேன்.

வாலாம்பாள் மாதுங்காவுக்குத் திரும்ப மறுத்துவிட்டாள். இரண்டு வருஷம் கழித்து, அவள் சொல்லியனுப்பியதைத் தட்ட முடியாமல் ஒரு நாள் செம்பூர் போனேன். காற்றே இல்லாத புழுக்கம். அவள் கிணற்றில் நீர் இறைத்து, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறி வந்தாள். மூச்சு வாங்கவில்லை. எனக்குக் காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இப்போ இழுப்பே இல்லை, பஞ்சு அண்ணா. அந்தப் பொம்மையை ஆரோ எறக்கிக் கொளுத்தினாளே, அன்னிலேருந்து எனக்கு இந்த வீட்டிலே ஒரு பயமும் இல்லை. அவர்தான் இருந்து பாக்கலை."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"பண்ணினது ஆரானாலும், அவா குடும்பம் நன்னா இருக்கட்டும்," என்றாள்.