பதினைந்து நாள் ஃபில்டர்

மவுஸைச் சொடுக்கும் முன் எபினேசர் இடது உள்ளங்கையால் திரையில் பாதியை மறைத்துக்கொள்வார். சொடுக்கியபின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, சோறு வெந்ததா என்று மூடியைத் தூக்கிப் பார்ப்பவரைப் போல எட்டிப் பார்ப்பார். பக்கத்தில் ஜெராக்ஸ் மெஷினில் நிற்கும் மனைவி சுகிர்தாவுக்கு அந்த விரல்களைப் பார்த்தாலே சிரிப்பு வரும்.

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனிகளில் வேலைக்குச் சேருகிறவர்கள் அவர்களுடைய போட்டோ ஸ்டுடியோவுக்கு வருவது பத்து நிமிடத்தில் பாஸ்போர்ட் சைஸ் படம் வாங்க. எபினேசருக்கோ பதினைந்து நாள் இலவசமாகக் கிடைக்கும் ஃபில்டர் ப்ளக்-இன் எதுவானாலும் இறக்கி, வந்தவர் முகத்தில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். பதினாறாம் நாள் படத்தின் குறுக்கே ‘டிரயல்’ என்று எழுத்து விழும். அன்று அவருக்குச் சோறு இறங்காது.

“இன்னாங்க இது? அந்தோணி அண்ணனுக்கு அம்பது வயசு. படத்துல காலேஜ் புள்ளையாட்டம் கீறாரு.”

“உனுக்கு இன்னா தெரியும்? அவரு பொண்டாட்டிகூட இப்டிப் பாத்திருக்க மாட்டா.”

ஒரு திங்கட்கிழமை மாலை கடம்பத்தூர் நர்மதா வந்தாள். மறுநாள் ஒரு கம்பெனியில் சேர வேண்டும். கேட் பாஸில் ஒட்டப் படம். இடது புருவத்துக்கு மேல் அவளுக்குச் சாய்வாக ஒரு தழும்பு. அன்றுதான் எபினேசர் சருமத்தை மெழுகும் புது ஃபில்டர் ஒன்றை இறக்கியிருந்தார். விரல்கள் விலகின. தழும்பைக் காணோம்.

“பாரும்மா, பௌர்ணமி!”

நர்மதா வெட்கப்பட்டுச் சிரித்தபடி வாங்கிப்போனாள். அவரும் சந்தோஷத்தில் எடுத்த படத்தின் மேலேயே சேவ் செய்துவிட்டார்.

மறுநாள் காலை எட்டே காலுக்குப் போன் வந்தது. கம்பெனி கேட்டிலிருந்து நர்மதா.

“அண்ணே, படத்துல கீறது நான் இல்லன்றாங்க. எட்டரைக்குள்ள போலன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளக் கூப்ட்டுக்குவாங்களாம்.”

எபினேசர் கம்ப்யூட்டரைத் துழாவினார். எல்லா ஃபோல்டரிலும் பௌர்ணமிதான்.

“பழைய படம் எங்கங்க?” என்றாள் சுகிர்தா.

அவர் செருப்பைக்கூட மாட்டாமல் வண்டியை உதைத்துக் கிளம்பினார். ஒன்பது மணிக்குத் திரும்பியவரிடம் அவள், “இன்னாச்சி?” என்றாள்.

“உள்ள போயிட்டா.” ஃபில்டரைப் பற்றிப் பேசாமல் அவர் இருந்த ஒரே நாள் அது.

என்ன நடந்தது என்பது ஒரு வாரம் கழித்து, அந்தக் கம்பெனி வாட்ச்மேன் சடையப்பன் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தபோதுதான் சுகிர்தாவுக்குத் தெரிந்தது.

“உங்க ஊட்டுக்காரரு வெறுங்காலோட ஓடியாந்தாரும்மா. அந்தப் பொண்ண வெயில்ல நிக்க வச்சி, என் பால்பாயிண்ட் பேனாவ வாங்கி, அவ நெத்தியப் பாத்துப் பாத்து, பாஸ்ல ஒட்டின படத்துல அந்தத் தழும்ப வரைஞ்சாரு. வரைஞ்சிட்டு, மை கலையக் கூடாதுன்னு ஊதிக்கினே நின்னாரு.”