பழைய மெஷினில் ஒரே ஒரு ஆள்

அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'பொறுமை' என்றுதான் கூப்பிடுவோம், கேலிக்காக. ஒரு டீயை ஆற அமர அரை மணி நேரம் குடிக்கிற ஆள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டு ஒதுக்கீட்டு அலுவலகத்தில் எனக்கு உதவித் தொலைபேசி வேலை, அவருக்குக் கம்ப்யூட்டர் அறை. இருபது வருஷம் ஓடிவிட்டது. அந்த அறையின் குளிரையும் இரைச்சலையும் நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

வீட்டுக்கான விண்ணப்பம் இணையத்தில் ஒன்பது பக்கம். ஆறு மெஷின்கள் அதைத் தாங்கின. முன்னால் லோட் பேலன்சர் என்று ஒன்று, வருகிறவர்களைக் கூட்டம் குறைவான மெஷினுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். புது வெர்ஷன் ஏற்றும் நாளில்தான் தலைவலி. மூன்று மெஷினில் பழசு, மூன்றில் புதுசு. நாலாம் பக்கத்தைப் பழசில் நிரப்பியவர் ஐந்தாம் பக்கத்துக்குப் புதுசில் போய் விழுவார். அதற்கு அவரை அடையாளமே தெரியாது, முதல் பக்கத்துக்கே துரத்திவிடும். வாங்கிக் கட்டிக்கொள்வது நான்.

ஒருநாள் அவர் அறைக்கே போய்க் கத்தினேன். இரண்டே நாளில், வருகிறவர்களின் பிரவுசரில் ஒரு சின்ன அடையாளச் சீட்டு விழும்படி செய்துவிட்டார். பழசில் ஆரம்பித்தவர் பழசிலேயே முடிப்பார், புதிதாக வருகிறவர் புதுசுக்குப் போவார். பழைய மெஷின்களில் ஆள் எண்ணிக்கை பூஜ்யம் ஆகும்வரை அவற்றை நிறுத்த மாட்டார். யார் அவசரப்படுத்தினாலும் ஒரே பதில்தான்.

"உள்ள ஆள் இருக்காங்க. நிதானமா முடிக்கட்டும்."

அந்த வருஷ விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு மூடிவிடும். அன்றைக்கென்று பார்த்துப் புது வெர்ஷனை ஏற்றியே தீர வேண்டும் என்று மேனேஜர் ஒற்றைக் காலில் நின்றார். மூன்று மணிக்குப் பழைய மெஷின்களில் ஒரே ஒரு ஆள் மிச்சம்.

"ஒருத்தருக்காக மூணு மெஷின் ஓடணுமா? நிறுத்துய்யா."

"அவரும் வீடு கேட்டு வந்தவர்தானே சார்."

அதே நேரம் என் போனில் ஒரு தையல்கார அம்மா. ஒற்றை அறையில் ஏழு பேர். காலையிலிருந்து ஒற்றை விரலால் தட்டி ஒன்பது பக்கத்தையும் நிரப்பியிருக்கிறார்.

"அந்தப் பச்சை பட்டனை அமுக்குனா முதல் பக்கமே வருது கண்ணு. மூணாவது தடவை. இந்த வருஷமும் வீடு கிடைக்கலைன்னா எங்க போவேன்?"

அவர் குரல் உடைந்தது. போனைக் கீழே வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினேன்.

"புதுசு சரியாத்தான் இருக்கு," என்றார் பொறுமை. "காலையிலேருந்து நானே சோதிக்கிறேன். பன்னெண்டு பேர் குடும்பம்னு போட்டேன், ஒழுங்கா போச்சு."

அவர் திரையை எட்டிப் பார்த்தேன். 'அனுப்பு' பொத்தான் நீலமாக இருந்தது.

"அந்தம்மா பச்சைன்னு சொன்னாங்க," என்றேன். "உங்களுக்கு எப்படி நீலம்?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. தான் கண்டுபிடித்த சீட்டு தன் பிரவுசரிலும் ஒட்டியிருந்ததை மனிதர் மறந்தே போயிருந்தார். காலையிலிருந்து சோதித்ததெல்லாம் நீலப் பொத்தான் வைத்த பழசைத்தான். மேனேஜரோடு மல்லுக்கட்டிக் காப்பாற்றிய அந்த ஒரே ஆளும் அவரேதான்.

சிரிக்க நேரமில்லை. ஐந்து பேருக்கு மேல் உள்ள குடும்பமென்றால் புதுசு முழித்தது. நல்லவேளை, பழசு ஓடிக்கொண்டிருந்தது. பெரிய குடும்பங்களையெல்லாம் அங்கே திருப்பினார். ஆனால் தையல்கார அம்மா புதுசில் எழுதியது எதுவும் பழசுக்கு வராது. அவர் போனில் சொல்லச் சொல்ல நானே தட்டினேன். நாலு ஐம்பத்தேழுக்கு 'விண்ணப்பம் கிடைத்தது' என்று வந்தது. அந்த அம்மா அழுதார், நானும் அழுதேன். பொறுமை ஒரு டீயைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ஆறிப்போன டீ, ஆனாலும் குடித்தேன்.

அடுத்த வருஷம் அந்த மெஷின்களை மொத்தமாக ஓரங்கட்டினார்கள். கடைசி நாளில் எண்ணிக்கை ஒன்றிலேயே நின்றது. இந்தத் தடவை தன் பிரவுசரை முதலில் பார்த்துவிட்டு, பொறுமை நேராக என் மேஜைக்கு வந்தார்.

"நீங்களா?"

திரையை அவர் பக்கம் திருப்பினேன். மூன்றாம் பக்கம், குடும்ப உறுப்பினர்கள். முதல் வரியில் என் பெயர். இரண்டாவது வரியில் அவர் பெயர், பக்கத்தில் 'உறவு' என்ற கட்டம் மட்டும் காலி.

அவர் இரண்டு தடவை படித்தார். காது மடல் சிவந்துவிட்டது. மேனேஜர் அந்தக் கோடியிலிருந்து, "இன்னும் நிறுத்தலையா?" என்று கத்தினார்.

"உள்ள ஆள் இருக்காங்க சார்," என்றார் அவர். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, கீபோர்டைத் தன் பக்கம் நகர்த்தி, ஒற்றை விரலால் நிதானமாக 'கணவர்' என்று தட்டினார்.