டீச்சரின் தண்ணீர் பாட்டில்

உங்கள் அக்காவைப் பற்றி ஒரு விஷயம் எழுதி வைக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள், ஞாபகம் இருக்காது. பத்தாவதோடு நின்றவன் நான், ஜோடித்து எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். யாருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. ஏன் என்பது படித்தால் தெரியும்.

அக்கா அப்போது ஏழாவது. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மேடம் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்கூடம் ஒரே மாதிரி சேர்த்துக்கொள்கிறதா என்று ஆராய்ச்சி செய்கிறாராம். பிள்ளைகளிடம் தனித்தனியாகப் பேச வேண்டும், அதற்குப் பெற்றவர்கள் சம்மதம் வேண்டும் என்று காலனிக்கும் வந்தார்.

"பேரு எங்கயும் வராதுங்கண்ணா. யார் சொன்னாங்கன்னு யாருக்கும் தெரியாது."

நான் திருத்தணியில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போட்டுக்கொண்டிருந்த சமயம். வண்டி சீட்டின் மேலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மேடம் அக்காவிடம் பேசிய அன்று சாயங்காலம், "இன்னாமா சொன்னே?" என்று கேட்டேன்.

"மிஸ்ஸப் பத்திக் கேட்டாங்கோ நைனா. நல்லா சொல்லித் தராங்க, போர்டுல என்னத்தான் எழுதச் சொல்றாங்கன்னு சொன்னேன். ஆனா தண்ணி புடிச்சினு வர மட்டும் என்னக் கூப்பிட மாட்றாங்கன்னும் சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேல மிச்சம்னு வுடேன். உங்கப்பன் காலைலேர்ந்து தண்ணிதான் தூக்கினு கீறான்."

"அது வேல இல்ல நைனா."

பிறகுதான் விளக்கினாள். டீச்சரின் பாட்டில் காலியானால் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு நிரப்பிவரச் சொல்வாராம். பாட்டிலோடு எல்லா வகுப்பையும் தாண்டிக் குழாய்வரை போய் வருவது பெரிய கௌரவம். அதற்கு வகுப்பே காத்திருக்கும். காலனிப் பெண்கள் யாரையும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

அடுப்படியிலிருந்த அம்மா கிளறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

அந்த டீச்சர் கெட்டவர் இல்லை. அரக்கோணத்திலிருந்து ரயிலில் வருவார். அக்கா காய்ச்சலில் படுத்திருந்தபோது விட்டுப்போன பாடத்தைத் தன் கையால் எழுதிக் கொடுத்தனுப்பியவர். அதனால்தான் எனக்குக் குழப்பம். டவுனில் நான் கேனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிவரை போகிறேன், எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. கேனுக்கு சீல் இருக்கிறது. பாட்டில், கையால் திறந்து கையால் பிடித்து வருவது. வித்தியாசம் அதுதானோ என்று நினைத்துக்கொண்டேன். கேட்க யாருமில்லை.

சில மாதம் கழித்து அந்த மேடம் மறுபடி வந்தார். பெற்றோர் கூட்டத்தில், தான் கண்டறிந்ததைச் சொன்னார். நடுவில் பிள்ளைகள் பேசியதையும் அப்படியே படித்தார். "ஒரு மாணவி சொன்னது" என்று அவர் தொடங்கியதும் நான் பக்கத்திலிருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். போர்டில் எழுதச் சொல்கிறார்கள், தண்ணீர் பிடிக்கக் கூப்பிடுவதில்லை. அதே வார்த்தைகள். பெயர் இல்லை. ஆனால் போர்டில் எழுதுகிற பெண் ஒருத்திதானே!

"அட, கேன்காரன் பொண்ணு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. "நான் அப்படி நெனச்சி எதுவும் பண்லீங்க. கண்ணுல படற பிள்ளைங்கள அனுப்புவேன், அவ்ளோதான்."

போர்டு முன்னால் நிற்கிறவள் கண்ணில் படமாட்டாளா என்று அம்மா கேட்டாள். அங்கே இல்லை, வீட்டுக்கு வந்த பிறகு. நானும் அங்கே வாயைத் திறக்கவில்லை. இவளுடைய படிப்பு அந்த டீச்சர் கையில் இருக்கிறதே என்ற பயம்.

மறுநாள் டீச்சர் வீட்டிலிருந்தே பெரிய பாட்டில் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு யாரையும் அனுப்பவில்லை. போர்டில் எழுதவும் யாரையும் கூப்பிடவில்லை, தானே எழுதிக்கொண்டார். வழக்கமாகக் குழாய்க்குப் போய் வந்த பெண்களுக்கு ஆத்திரம். "தண்ணி மேடம் வராங்கோ, வழி வுடுங்கடி" என்று அக்காவைக் கிண்டல் செய்தார்கள். அந்த வாரத்திலேயே அவள் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டாள். வலி வயிற்றில் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். இப்படியே படிப்பை விட்டுவிடுவாளோ என்று எனக்குத் தூக்கமில்லை.

அந்த மேடத்துக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"பேரு போடலீங்களே அண்ணா" என்றார் பாவம்.

"பேரு போடலம்மா. ஊரு சின்னதாச்சே."

"தப்பு என்னுதுதாங்கண்ணா, நான் யோசிச்சிருக்கணும். நானே வந்து டீச்சர்கிட்ட பேசட்டுமா?" என்றார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே படுத்திருந்த அக்கா எழுந்து உட்கார்ந்தாள்.

"வேணாம்னு சொல்லு நைனா. அவங்க வந்தா இன்னும் பெருசாவும். நான் சொன்னது பொய்யா? நாளைக்கு நானே ஸ்கூலுக்குப் போறேன்."

போனாள். டீச்சர் திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அப்படியே நாட்கள் போயின.

பங்குனி வெயிலில் ஒரு நாள். கரண்ட் இல்லை. பாடம் நடத்திக்கொண்டிருந்த டீச்சருக்கு இருமல் வந்து நிற்கவேயில்லையாம். அந்தப் பெரிய பாட்டிலும் காலி. வகுப்பில் யாரும் அசையவில்லை. அக்கா எழுந்து நின்றாள்.

"மிஸ், நான் புடிச்சினு வரட்டுமா?"

டீச்சர் அவளைப் பார்த்தார். பிறகு பாட்டிலை எடுத்து நீட்டினார்.

இதை வீட்டில் சொன்னபோது வாயில் முறுக்கு வைத்துக்கொண்டு சொன்னாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"கொண்டாந்து குட்த்தியா?"

"ஆங், குட்த்தேன். தேங்ஸ்னாங்க. நாளைக்கு போர்டுல தேதி நீ எழுதுன்னாங்க."

"குடிச்சாங்களா?"

"நான் பாக்கல நைனா. பெல் அடிச்சிட்டாங்க, கோகோ ஆட ஓடிட்டேன்."

அம்மா சிரித்தாள். நான் இன்னும் ஒரு தடவை கேட்கலாமா என்று வாயெடுத்து, விட்டுவிட்டேன். அக்கா அதற்குள் உங்கள் இருவர் கையிலும் ஆளுக்கொரு முறுக்கைத் திணித்துவிட்டுப் புத்தகத்தைப் பிரித்திருந்தாள்.